கழுவியாச்சு

வைகாசி 14, புதன்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். கீழ்க்காட்டைப் போய்ப் பார்த்தேன். சோயா போட வேண்டிய இடம் முழுக்கக் களை. கோரை, பார்த்தீனியம், சாரணை, பேர் தெரியாத ஒரு முள். நான் விதைத்தது எதுவும் இந்த வேகத்தில் முளைத்ததில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். உழுதுவிட்டால் போச்சு என்றார். உழுதால் கோரைக்கிழங்கு ஒன்று பத்தாகும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். மனிதர் தலையாட்டுவார், அடுத்த வருஷம் மறுபடி அதையே சொல்வார். கையால் களை எடுக்க ஆள் ஏது? இருக்கிற ஆளெல்லாம் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில். மருந்து ஒன்றுதான் வழி.

இந்தப் பக்கம் யாரும் சோயா போட்டதில்லை. நிலக்கடலை, இல்லாவிட்டால் மக்காச்சோளம், அதுவும் இல்லாவிட்டால் தக்காளி. நான் போடப் போகிறேன் என்றதும் ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். நல்லது, எரியட்டும்.

வரப்புக்கு மேற்கே தேவகியின் காடு. கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி. (இனிமேல் தே. என்று போட்டால் போதும். அவளுக்கு முழுப் பெயர் எழுதி மை செலவழிப்பானேன்.) கொழுந்தனார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். ஒண்டியாகத் தக்காளி போட்டிருக்கிறாள். பூவும் பிஞ்சும் பழமுமாக நிற்கிறது. ரோட்டில் போகிறவன் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்க்கிறான். என் காட்டிலும் பார்த்தீனியம் பூத்துத்தான் இருக்கிறது, யார் நிறுத்துகிறார்கள்.

சாயங்காலம் பையன் ஃபோன். முதல் கேள்வி: "சித்தி எப்படீம்மா இருக்குது?" பெற்றவள் இருக்கிறாளா செத்தாளா என்பது இரண்டாவது கேள்வி.

வாங்க வேண்டியது: சீயக்காய், கொசுவத்தி, அவருக்கு மூட்டுவலித் தைலம், களைக்கொல்லி.

வைகாசி 15, வியாழன்

வெயில். பஸ் ஏறி வேலந்தாவளம் தாண்டிப் போய் மருந்து வாங்கி வந்தேன். நம் கேரளப் பக்கத்துக் கடையில் ஆயிரம் கேள்வி. கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீஸ் சீட்டு எங்கே, என்ன பயிர், எவ்வளவு நிலம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேள்வி குறைவு. கடைக்காரன் வெற்றிலைக் குதப்பல், பேசினால் எதிரில் நிற்பவர் மேல் தெறிக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவன். ஒரே மருந்து போதாது என்றான். கோரைக்கும் புல்லுக்கும் கிளைபோசேட், அகல இலைக் களைக்கு டூ-ஃபோர்-டி பொடி. இரண்டையும் கலந்து அடித்தால்தான் காடு மொட்டையாகும்.

மறக்காமல் இருக்க:

டேங்கில் பாதி தண்ணீர் முதலில். பொடியை வாளியில் தனியாகக் கரைத்து ஊற்றி, அப்புறம் மற்றது.

கலங்கல் தண்ணீர் ஆகாது. சேறு மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும்.

காற்று எழும் முன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தால் மருந்து எங்கே போய் விழும் என்று சாமிக்கே தெரியாது.

அடித்த கையோடு விதைக்கக் கூடாது. நல்ல மழை பெய்து ஒரு மாதம் போகட்டும். இல்லையென்றால் சோயா முளை கோணிக்கொண்டு வரும்.

டேங்கைச் சோப்புப்பொடி போட்டு மூன்று தரம் கழுவ வேண்டும். ஹோஸையும்.

பில் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "பக்கத்துல தக்காளி, பருத்தி ஏதாச்சும் இருக்குதுங்களா? டேங்க்குல ஒரு டம்ளர் மிச்சம் நின்னாப் போதுமுங்க, தக்காளி சுருண்டு போயிரும்."

இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்து முடிப்பதற்குள் நம் ஸ்டாப் வந்துவிட்டது.

சீயக்காய் மறந்துவிட்டது.

வைகாசி 16, வெள்ளி

மேகம் மட்டும். வெள்ளிக்கிழமை மருந்தடிக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். அவருக்குச் சும்மா இருக்க ஏதாவது ஒரு கிழமை கிடைத்துவிடுகிறது.

தே. வந்தாள், முதல் பறிப்புத் தக்காளியோடு. முறம் நிறைய. அதைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். நான் கொண்டு வந்து வைக்கிற சோற்றுக்கு அந்தப் பல் தெரிந்ததில்லை. உட்காரச் சொன்னேன், காப்பி கொடுத்தேன், சர்க்கரை கொஞ்சம் குறைவாகப் போட்டு. அவள் நன்றாக இருக்கிறது என்றாள். அவளுக்கு எல்லாமே நன்றாக இருக்கும்.

போகும்போது சொன்னாள்: "இந்த வெள்ளாமை கை குடுத்துட்டா இங்கயே இருந்துக்கறனுங்கக்கா. இல்லீன்னா காட்ட உங்ககிட்டயே உட்டுட்டு உடுமலைக்கு மக ஊட்டுக்குப் போயர்றேன். அவ கூப்பிட்டுக்கிட்டே கெடக்கறா. ஒரே ஆளா முடியலீங்க."

இந்த ஒரு வெள்ளாமை. அவ்வளவுதான்.

அவளுடைய மேல்காடு செம்மண். கிணற்றடி. எந்தப் பயிர் போட்டாலும் வரும். பாகம் பிரிக்கும்போது மூத்தவர்கள் முதலில் எடுக்கட்டும் என்று மாமனார் சொன்னார். இவர் "தம்பியே எடுத்துக்கட்டும்ப்பா" என்றார், பெரிய மனுஷன் மாதிரி. எனக்குக் கிடைத்தது உப்புப் பூக்கிற கீழ்க்காடு. அன்றைக்குச் சபையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்போது மூடிய வாய், இன்னும் உள்ளுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

அவள் போனால் போதும். செத்துப் போக வேண்டாம். போனால் போதும்.

வைகாசி 17, சனி

விடியும்போதே மருந்தடிப்பு. காற்றில்லை, பனி மாதிரி ஈரம். நான் கலந்து கொடுத்தேன், அவர் அடித்தார். பொடி கரையாமல் வாளியில் உருண்டை உருண்டையாகச் சுற்றியது, குச்சியால் கிண்டிக் கிண்டித் தோள் வலி. மணம் மூக்கில் ஏறி இன்னும் போகவில்லை. காப்பி குடித்தாலும் அதே மணம்.

முடித்ததும் அவர் ஸ்பிரேயரைக் கழுவப் போனார். அந்த ஸ்பிரேயர் கதையை எழுதி வைக்க வேண்டும். பாகப் பிரிவினையில் மாமனார் அண்டா, ஏணி, கடப்பாரை, ஆட்டுக்கல் எல்லாம் பிரித்துக் கொடுத்தார். கிணறும் பவர் ஸ்பிரேயரும் மட்டும் பொது. கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது. ஸ்பிரேயரை அண்ணன் தம்பி இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டார். அடித்தவர் கழுவி மோட்டார் ரூம் ஆணியில் கவிழ்த்து மாட்ட வேண்டும், அடுத்தவர் எடுக்கும்போது "கழுவியாச்சு" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, எடுக்கிறவர் மறுபடி கழுவக் கூடாது. கழுவினால் சொன்னவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாக அர்த்தம். ஒரு தரம் கொழுந்தனார் மறதியாக மறுபடி கழுவப் போய், அண்ணனும் தம்பியும் ஒரு தீபாவளி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. மாமனார் செத்தார், கொழுந்தனாரும் செத்தார், சட்டம் சாகவில்லை.

அவரிடம் சொன்னேன், முதுகு வலிக்கும், நீங்கள் போய்க் குளியுங்கள், நான் கழுவி வைக்கிறேன் என்று. மனிதருக்கு ஆச்சரியம். ஆனாலும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே போய்விட்டார்.

கிணற்றடியில் நின்றேன். டேங்கின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம். ஒரு டம்ளருக்கு மேலேயே இருக்கும். ஹோஸ் நிறைய வேறு. சோப்புப்பொடி பாக்கெட் கையிலேயே இருந்தது.

மூடியை இறுக்கி, கவிழ்க்காமல், நிமிர்த்தி மாட்டினேன். வெளியை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன், பார்வைக்கு.

மத்தியானம் கீரைக் கூட்டு. உப்பு அதிகம். அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

வைகாசி 18, ஞாயிறு

வெயில். தே. வந்து நின்றாள். தக்காளியில் வெள்ளை ஈ வந்திருக்கிறதாம், இன்றைக்கே மருந்தடிக்க வேண்டுமாம்.

"கழுவியாச்சுங்களாக்கா?"

"கழுவியாச்சு."

நாக்கு கூசவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்த்து அடுப்பைக் குறைத்தேன்.

மொட்டை மாடியில் மிளகாய் காய வைக்கிற சாக்கில் பார்த்தேன். கிணற்றடி ஓரம் முதல் வரிசையில் ஆரம்பித்து மேற்கே வரிசை வரிசையாகப் போனாள். இலைக்கு அடியிலும் படட்டும் என்று குனிந்து குனிந்து அடித்தாள், அத்தனை அக்கறை. டேங்க் தீர்ந்து மறுபடி நிரப்பிக்கொண்டு போனாள். நடுவில் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

வைகாசி 19, திங்கள்

ஒன்றும் விசேஷமில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. மாடிக்கு மூன்று தரம் போனேன், மிளகாய்க்காகத்தான்.

வைகாசி 21, புதன்

காற்று ஆரம்பித்துவிட்டது. மேற்கேயிருந்து வீசு வீசென்று. கதவைத் திறந்தால் தாழ்வாரத்து ஓடு பேசுகிறது.

கீழ்க்காட்டில் பார்த்தீனியம் தலை தொங்கிவிட்டது. சாரணை திருகிக்கொண்டு கிடக்கிறது. கோரை மட்டும் இன்னும் பச்சை, அதற்கு நாள் பிடிக்கும் என்று கடைக்காரன் சொன்னான். பார்க்கப் பார்க்கத் திருப்தி. இத்தனை வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்டது இந்த மருந்து ஒன்றுதான்.

பத்து மணி வாக்கில் தே. கூப்பிட்டாள். குரல் சரியில்லை. போனேன். கிணற்றடி வரிசைகளில் தக்காளிக் கொழுந்து எல்லாம் சுருண்டு, தண்டு வளைந்து தரையைப் பார்க்கிறது. இலை கிண்ணம் மாதிரி குவிந்துவிட்டது. என் காட்டில் சாரணைக்கு எப்படியோ அப்படியே. பார்த்த உடனே தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதும் உடனே தெரிந்தது.

"வைரஸுங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். இலைச்சுருட்டை வைரஸ், வெள்ளை ஈதான் கொண்டு வரும், மற்ற செடிக்குத் தொற்றுவதற்குள் பிடுங்கி எரித்துவிடு என்றேன். எனக்கே என் குரல் டாக்டர் குரல் மாதிரி கேட்டது. அவள் நம்பினாள். அவள் எப்போதும் நான் சொன்னால் நம்புவாள், அதுவே எனக்கு எரிச்சல்.

வைகாசி 23, வெள்ளி

தே. பிடுங்குகிறாள். நானும் போய் உதவினேன். ஆமாம், நான்தான் உதவினேன். ஊர் பார்க்கட்டும்.

செடியோடு பிஞ்சும் வந்தது. கோலிக்குண்டு அளவு, பச்சை. அவள் ஒவ்வொன்றையும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள், ஊறுகாய்க்கு ஆகுமாம். அழுதாள். சத்தமில்லாமல் அழுகிற ஆள். எனக்கு அது பிடிப்பதில்லை. அழுகிறதானால் வாய் விட்டு அழ வேண்டும், பார்க்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி. திட்டினேன். "வெள்ளாமைன்னா வரும் போகும். இதுக்கெல்லாம் அழுதா எப்பிடி?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்றாள்.

மேற்கு வரிசைகளைப் பிடுங்க விடவில்லை. அங்கே அவ்வளவு மோசமில்லையாம், தேறிக்கொள்ளுமாம். தலையெழுத்து. சரி, நாளைக்குச் சொல்லிப் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

இன்றைக்குத் தலைக்குக் குளிக்க முடியவில்லை. சீயக்காய் இன்னும் வாங்கவில்லை.

வைகாசி 26, திங்கள்

சனியன் பிடித்த நாள்.

தே. யாரிடமும் சொல்லாமல் கிருஷிபவனுக்குப் போயிருக்கிறாள். புதிதாக வந்திருக்கிற ஆபீஸர் பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சின்ன வயசு, ஒற்றப்பாலம் பக்கம். பேச்சு பாதி மலையாளம், பாதி நம் பேச்சு. வீட்டுக்காரரும் போய் நின்றார், நானும் போக வேண்டியதாயிற்று. போகாவிட்டால் அதுவே ஒரு கேள்வி.

அவள் செடியைப் பார்க்கவில்லை. முதலில் வரிசைகளைப் பார்த்தாள். பிடுங்காமல் விட்ட மேற்கு வரிசைகளில் நடந்தாள், பிறகு பிடுங்கின இடத்துக்கு வந்து குப்பையைக் கிளறினாள். எங்கே மருந்தடிக்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டாள். தே. கிணற்றடியைக் காட்டினாள்.

"சேச்சி, இது வைரஸ் இல்ல. களநாசினி, களைக்கொல்லி. தொடங்கின இடத்துல முழுசாப் போச்சு, போகப் போகக் குறையுது. டேங்க்குல பழசு இருந்திருக்கு."

அவருக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் காட்டில் அடித்த மருந்து காற்றில் போயிருக்குமா என்று அவரே கேட்டார், மடையர். ஆபீஸர் சிரித்தாள். காற்று மேற்கேயிருந்து கிழக்கே அடிக்கிறது, கீழ்க்காட்டு மருந்து எப்படி மேற்கே போகும் என்றாள். இந்த ஊரில் பிறந்த கோழிக்குஞ்சுக்குத் தெரியும் அது. நான் முதலிலிருந்து நம்பிக்கொண்டிருந்ததும் அந்தக் காற்றைத்தான், என் மருந்து என்று யாரும் சொல்ல முடியாது என்று. என்னைக் காப்பாற்றும் என்று நினைத்த காற்றே, மிச்சமிருக்கிற ஒரே வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

கடைசியாக ஸ்பிரேயரில் யார் களைக்கொல்லி அடித்தது என்று ஆபீஸர் கேட்டாள்.

நான் குனிந்து சேலையில் ஒட்டிய முள்ளை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். தே. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று எழுத மாட்டேன்.

"நான்தானுங்க மேடம். வரப்புல புல்லுக்கு அடிச்சுட்டுச் சரியாக் கழுவாம உட்டுட்டனுங்க" என்றாள் தே.

பொய். இந்த வருஷம் அவள் வரப்பில் அடிக்கவே இல்லை. குனிந்து அரிவாளால் அறுத்தாள், நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

இனிமேல் நன்றாகக் கழுவ வேண்டும் என்று ஆபீஸர் அவளுக்கு வகுப்பு எடுத்தாள். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பாவம், தம்பி போனதிலிருந்து அவளுக்கு மறதி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் கேட்டார்கள் இவளிடம் இந்தத் தருமத்தை? நேரே நின்று மயிரைப் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன், தீர்ந்திருக்கும்.

வைகாசி 31, சனி

தே.யோடு பேச்சில்லை. அதாவது அவள் பேசுகிறாள். தண்ணீர் விட்டாச்சுங்களா, மழை வருங்களா. எல்லாம் எப்போதும் போல. நான்தான் ஆமாம், இல்லை என்று முடித்துக்கொள்கிறேன். மேற்கு வரிசைகளும் காய் பிடிக்கவில்லை. பிடித்த நாலும் கோணல்.

கோரை மஞ்சளாகிவிட்டது.

ஆனி 1, ஞாயிறு

மழை. மத்தியானத்தில் அவரும் தே.யும் பேசிக்கொண்டிருந்தார்கள். போகிறாள். உடுமலைக்கு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார், என்னமோ நான் தடுக்கப் போகிற மாதிரி.

பிறகு அவளே வந்தாள். "காட்ட நீங்களே பாத்துக்கங்கக்கா. வேற யாருகிட்டயும் உட மனசு வல்லீங்க." 

சரி என்றேன். செம்மண், கிணற்றடி, எல்லாம். நினைத்தது நடந்தது. பாயசம் வைக்கலாமா என்று கூடத் தோன்றியது. வைக்கவில்லை, பால் திரிந்துவிட்டது.

ஆனி 5, வியாழன்

தே. போய்விட்டாள். மருமகன் வேன் கொண்டு வந்தான். பாத்திரம், கட்டில், தையல் மிஷின், தக்காளிப் பிஞ்சு ஊறுகாய் ஒரு ஜாடி. இன்னொரு ஜாடியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். தொடவில்லை.

நேற்று முழுக்க அவள் மேல்காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது, நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். மிச்சத் தக்காளியோடு களையெல்லாம் சேர்த்து அடித்திருக்கிறாள். மருந்து எது என்று கேட்டேன். எங்கள் வீட்டில் மீந்தது, அதே இரண்டையும் கலந்து, அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். "நீங்க எடுக்கறப்ப காடு சுத்தமா இருக்கட்டும்னுதானுங்க."

வேனில் ஏறுவதற்கு முன் மோட்டார் ரூம் சாவியை என் கையில் கொடுத்தாள். ஸ்பிரேயர் ஆணியில் மாட்டியிருக்கிறது என்றாள்.

"கழுவியாச்சுங்கக்கா."

அவ்வளவுதான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்ன மாதிரி இருந்தது. இல்லை, எப்போதும் போலத்தான் சொன்னாளோ என்னமோ.

வேன் போனதும் மோட்டார் ரூமுக்குப் போனேன். கவிழ்த்து மாட்டியிருக்கிறது. மோந்து பார்த்தேன். அந்த மணம் வருகிறது. என் மூக்கில் இருபது நாளாக அந்த மணம்தான் இருக்கிறது, அதனால் தெரியவில்லை. தொடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆனி 16, திங்கள்

சோயா விதைப்பு. நல்ல ஈரம், களை சுத்தம். மருந்தடித்து ஒரு மாதம் போயாயிற்று, மூன்று நல்ல மழை. கடைக்காரன் சொன்னபடி எல்லாம். விதைக்க வந்த பெண்கள், கீழ்க்காடா இது என்று வாயைப் பிளந்தார்கள். தே. இருந்திருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று அதில் ஒருத்தி சொன்னாள். அவளுக்கு இரண்டாவது டீ கொடுக்கவில்லை.

ஆனி 22, ஞாயிறு

முளைத்துவிட்டது. நேர் நேராக, கோணல் ஒன்றுகூட இல்லை. அவர் வரப்பில் நின்று எல்லோருக்கும் ஃபோன் போடுகிறார். தே.க்கும் போட்டார். அவள் சந்தோஷப்பட்டாளாம்.

பையன் ஃபோன். சித்தி ஏன் போனது என்று கேட்டான். வெள்ளாமை வரவில்லை, போய்விட்டாள் என்றேன். சரிம்மா என்று ஃபோனை வைத்துவிட்டான்.

ஆடி 8, வியாழன்

காற்று, காற்று. துணி காயப்போட்டால் தமிழ்நாட்டுக்குப் போய்விடும்.

சோயாவில் புழு. இலையைச் சல்லடையாகத் தின்கிறது. நேற்று ஒரு மூலையில் இருந்தது, இன்றைக்கு நடுக்காடு. நாளையே அடிக்காவிட்டால் தண்டுதான் மிஞ்சும். புழு மருந்து வாங்கியாயிற்று.

வாடகைக்கு ஸ்பிரேயர் வைத்து அடிக்கிற ஆளை வரச் சொல்லலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் ஒன்று தொங்கும்போது எதற்கு என்றார். உங்கள் முதுகுக்காக என்றேன். என் முதுகுக்கு என்ன என்றார். இந்த மனிதருக்கு என் பேச்சில் சந்தேகம் வந்த முதல் தடவை இதுவாகத்தான் இருக்கும்.

ஆடி 9, வெள்ளி

இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் தப்பித்தேன்.

மத்தியானம் சோப்புப்பொடி எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். பூட்டைத் திறக்கும்போதே பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"ஒருக்காக் கழுவி வெச்சறலாம்னுதானுங்க."

"தேவகி கழுவியாச்சுன்னு சொல்லிட்டுத்தான போனா? எங்கப்பன் போட்ட சட்டம் தெரியும்ல்ல. அவ காதுக்குப் போச்சுன்னா என்ன நெனைப்பா? ஏற்கெனவே நொந்து போன புள்ள."

பாக்கெட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சாவியையும்.

என்ன சொல்வேன்? ஏன் கழுவ வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால், ஒருத்தர் கழுவாமல் கொடுக்கக்கூடும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குச் சோயா முழுக்கப் போனாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று விட முடியாது. ஐயோ, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? அதே மருந்தைக் கலந்து, அடியில் ஒரு டம்ளர் நிறுத்தி, நிதானமாகக் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேனில் ஏறியிருப்பேன். அவள் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா?

ஆடி 10, சனி

எழுந்தபோது அவர் படுக்கையில் இல்லை. ஓடினேன். செருப்புப் போடவில்லை. அவர் நடுக்காட்டில், முதுகில் ஸ்பிரேயர், பாதிக்கு மேல் அடித்தாயிற்று. என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பார். வரப்பிலேயே நின்றேன். அவர் கடைசி வரிசை வரைக்கும் அடித்து முடித்தார், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு டேங்கை மூன்று தரம் கழுவிக் கவிழ்த்து மாட்டினார், பெரிய யோக்கியர்.

ஆடி 11, ஞாயிறு

தக்காளிக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இன்றைக்குப் பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை. பார்த்தேன். காற்றில் எல்லா இலையும் திரும்பித் திரும்பிக் காட்டுகிறது, எது சுருண்டது எது சுருளாதது என்று தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. அவருக்கு வயிறு நிறைய இறங்கியது.

ஆடி 12, திங்கள்

தே. ஃபோன், அவருக்கு. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், காது மந்தம்.

"சோயா எப்படி இருக்குதுங்க மாமா? மருந்தடிச்சாச்சுங்களா?"

அடித்தாயிற்று என்றார். அப்படிங்களா, நல்லதுங்க என்றாள். எதற்குக் கேட்கிறாள்? இத்தனை நாளில் மருந்தைப் பற்றி ஏன் இன்றைக்குக் கேட்கிறாள்? அக்காவிடம் கொடுக்கட்டுமா என்று அவர் கேட்டார். நான் கொல்லைக்குப் போய்விட்டேன். போகும்போது காதில் விழுந்தது, அக்கா நல்லா இருந்தாச் சரிதானுங்க.

நாசமாய்ப் போக. இருக்கட்டும். நாளைக்கு இலை சுருண்டு கிடந்தால் உடுமலைக்கே போய் அவள் மகள் வீட்டு வாசலில் நின்று கேட்பேன். கேட்க என்ன இருக்கிறது என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சுருண்டே இருக்கட்டும் என்று கூட இருக்கிறது. இருந்தால் கணக்குச் சரி, அவளும் நானும் ஒன்று.

ஆடி 13, செவ்வாய்

வெளிச்சம் வந்ததும் காட்டில். காற்று இன்னும் எழவில்லை. ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தேன், அவர் ஆரம்பித்த இடத்திலிருந்து. புழு எல்லாம் கறுத்துச் செத்துக் கீழே கிடக்கிறது. தின்ற இலை தின்ற மாதிரியே இருக்கிறது, ஓட்டையோடு. புதுக்கொழுந்து வந்திருக்கிறது, பச்சையாக, தட்டையாக. முதல் வரிசை, இரண்டாவது, நடு, கடைசி. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

ஒரு இலைகூடச் சுருளவில்லை.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் டீயோடு வந்து, பயிர் தப்பிச்சுதே, அப்புறம் எதுக்கு அழுகறே என்றார்.

கழுவித்தான் கொடுத்திருக்கிறாள், பாவி.